நான்கு சொற்கள்

படத்தில் வந்த அண்ணனுக்கு
அழுகை மூன்றே நிமிடம்.
பிறகு பியானோ.
பிறகு கடற்கரை, மாலை வெயில், தம்பி சிரிக்கிறான்.
எங்கள் வீட்டில் அது
விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கி
பக்கத்து வீட்டு மிலோவிச் சுவரைத் தட்டும்வரை நடக்கும்.

பள்ளி விளையாட்டரங்கில் திரை கட்டியிருந்தார்கள்.
கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் நாங்கள்.
எங்கே போனாலும் வாசலுக்குப் பக்கத்தில்தான் நாங்கள்.

டான்கோ திரையைப் பார்க்கவில்லை.
கூரைத் தகரத்தில் காற்று மோதும் இடைவெளிகளை
விரல் நுனியால் எண்ணிக்கொண்டிருந்தான்.
அந்த நடிகன் கைகளை உதறியது கேமராவுக்காக.
அழகாக இருந்தது.
டான்கோ உதறும்போது
ஈரமே இல்லாத கையிலிருந்து
ஏதோ ஒன்று சொட்டித் தீரவேண்டியிருக்கும்.

எனக்குப் பதின்மூன்று, அவனுக்குப் பதினேழு.
புந்தா அரேனாஸ் படகுத்துறை.
போர்வெனிர் போகும் கப்பல்
வண்டிகளை விழுங்கிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் அவன் உரக்கச் சொன்னான்.
ஒவ்வொரு எண்ணுக்கும் யாராவது திரும்பிப் பார்த்தார்கள்.
வகுப்பில் புதிதாகச் சேர்ந்த எலியாசர் கேட்டான்:
அது உன் அண்ணனா?

எனக்கு அண்ணன் யாரும் கிடையாது.

எங்கள் ஸ்பானிய மொழியில் அதற்கு நான்கு சொற்கள்.
கடைசியில் சின்னதாக ஒரு சிரிப்பையும் சேர்த்தேன்,
கடைக்காரர் கொசுறு போடுவதுபோல.

டான்கோ கேட்டதாகத் தெரியவில்லை.
வெள்ளை லாரி ஒன்றின் எண்ணில் இருந்தான்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சொன்னான்.
என் குரலில். என் ஏற்ற இறக்கத்தில்.
கொசுறும் சேர்த்து.

எங்கே கேட்டான் இதை, என்றாள் அம்மா.
ஏதோ படத்து வசனம், என்றேன்.
அப்பா நம்பினார்.
அம்மா என் கிண்ணத்தில்
நான் கேட்காமலே இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

நான்கு வருடமாக அந்த வசனம் வீட்டுக்குள் நடமாடுகிறது.
பல் துலக்கும்போது.
பிறந்தநாள் மெழுகுவத்தி அணைந்த அடுத்த நொடி.
அழிக்கப் பார்த்தேன்.
டான்கோ என் அண்ணன், டான்கோ என் அண்ணன் என்று
ஒரு கோடை முழுக்க அவன் காதருகே ஓதினேன்.
ஒருமுறைகூட அது அவன் நாக்கில் ஏறவில்லை.
ஒப்புக்குச் சொன்னதை அவன் வாங்குவதில்லை போல.
அப்படியும் சொல்லிவிட முடியாது;
வானிலை அறிக்கையை வாங்குகிறான்,
சோப்பு விளம்பரத்தை வாங்குகிறான்.

திரையில் தம்பி மன்னிப்புக் கேட்டான்.
அண்ணன் கட்டிக்கொண்டான்.
முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம்.
இசை ஓய்ந்த அந்த இடைவெளியில், இருட்டில்,
டான்கோ சொன்னான்.
சிரிப்போடு.
யாரோ உஷ் என்றார்கள்.
படத்தின் வசனம் என்றே சிலர் நினைத்திருக்கலாம்.

வெளியே காற்று ஆளைத் தூக்கியது.
டிசம்பர் காற்றுக்கு இங்கே தெருவோரம் கயிறு கட்டுவார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
நான் ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
மறு கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன்.

கயிற்றைப் பிடி. கயிற்றைப் பிடி, முட்டாளே.

ஒரு சின்னப் பெண்ணின் குரல்.
முன்பல் விழுந்த சந்தில் காற்றுப் புகும் குரல்.
திரும்பினேன். அவன்தான்.
ஏழு வயதில் நான் அவனை அதட்டியது.
பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அதட்டியிருப்பேன்.
எனக்கு நினைவேயில்லை.

பிடித்தேன்.
உப்பேறிய கயிறு, உள்ளங்கையை அறுத்தது.
அவன் எனக்கு முன்னால், சரியாக ஒரு முழ இடைவெளியில்.

மருந்துக்கடை முனை திரும்பும்போது
மற்றதையும் சொன்னான், அந்த நான்கு சொற்களை.
கடைசியில் சிரித்தானா என்று தெரியவில்லை.
காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது.