ஸ்னூக்கர் தின்ற இரண்டு நிமிடங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எந்த விண்மீன் கூட்டமானாலும்
அரசியாக வருகிறவள் லண்டன்காரி மாதிரிதான் பேசுகிறாள்.
எங்கள் டண்டீ உச்சரிப்பில் ஒருவன் வாய் திறந்தால்
முதல் விளம்பர இடைவேளைக்குள் செத்துவிடுவான்.
முப்பது வருடமாக எண்ணி வருகிறேன்.
இதுவரை பத்தொன்பது பேர்.

'உப்பு நிலவு' படத்தின் முதல் பாதியை
நின்றுகொண்டே பார்த்தேன், உட்காரத் தோன்றவில்லை.
பிறகு ஒரு பேராசிரியர் வந்து
கரும்பலகையில் எல்லாவற்றையும் விளக்கினார்.
வெளிச்சம் போட்டதும் பேய் என்ன செய்யும், பாவம்,
கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது.
வாலை மட்டும் காட்டியிருக்கலாம்.
வால் போதும்.

ஸ்ட்ரூவன், என் தங்கை புருஷன், பஸ் ஓட்டுகிறவன்,
கடல் வருகிற படத்துக்கெல்லாம்
ஒரு மார்க் கூடுதலாகப் போடுவான்.
'தகர வாத்து'வில் கடலே கிடையாது.
ஆனாலும் பேட்டரி தீர்ந்த அந்த வாத்து
குளத்தின் நடுவில் மெல்லச் சுற்றி நின்றபோது
மூக்கைச் சிந்தினான்.
சளி என்றான்.
ஜூலை மாதம்.

காலப்பயணக் கதைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.
போகிறவர்கள் எல்லாம் போர்க்களத்துக்கோ
அரண்மனைக்கோதான் போகிறார்கள்.
ஒருத்தராவது
போன செவ்வாய்க்கிழமைக்குப் போய்
கேஸை அணைத்தோமா என்று பார்க்கிறார்களா?

சரி, 'கலங்கரை நிலையம்'.
முதல் சீசனில் சுவரெல்லாம் அட்டை.
யாராவது கதவைச் சாத்தினால் விண்வெளியே ஆடும்.
இரண்டாவதில் பணம் வந்தது.
சுவர்கள் ஆடுவது நின்றது,
அத்தோடு என் நெஞ்சும்.
மூன்றாவது சீசன், ஆறாவது எபிசோட், அதுதான் விஷயம்.

இந்தப் பக்கம் கேப்டன் தெஸ்ஸா.
அந்தப் பக்கம் இல்கோ,
கிருமி ஏறியவனா இல்லையா, யாருக்கும் தெரியாது.
அவன் கெஞ்சவில்லை.
மூன்று முறை தட்டினான், அவ்வளவுதான்.
அவள் கைப்பிடியில் கை வைத்தாள்.

அன்றைக்கு ஷெஃபீல்டில் ஸ்னூக்கர் முடியவில்லை.
எவனோ ஒருவன்
கோலின் நுனிக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டே நின்றானாம்.
நிகழ்ச்சிகளெல்லாம் தள்ளிப்போயின.
நானோ பேக்கரியில், இரவு ஷிஃப்ட், மாவுக்குள் முழங்கை வரை.
வீட்டில் வீடியோ பெட்டி
சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி நின்றது.
கைப்பிடியில் கை.
கறுப்பு.
அடியில் கிடந்த பழைய பதிவிலிருந்து வானிலைக்காரர் எழுந்து
டே ஆற்றின்மேல் மூடுபனி என்றார்.

பதினொரு வருடம்
அதுதான் முடிவென்று நினைத்திருந்தேன்.
இதுபோல் ஒரு முடிவை எவரும் எடுத்ததில்லை என்று
ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான்
டூகல் என் வாசலுக்குத் திரும்பி வந்தான்.
தட்டினான்.
தாழ்ப்பாளில் கை வைத்தேன்.
மீதியைச் சொல்லப்போவதில்லை.

பிறகு ஸ்ட்ரூவன் தர்மக் கடையில்
இரண்டு பவுனுக்கு முழுத் தொகுப்பையும் வாங்கி வந்தான்.
சேர்ந்து பார்த்தோம்.
திறக்கிறாள். அவன் சரிகிறான். தழுவுகிறார்கள்.
வயலின் வருகிறது.
அதற்குப் பிறகு அவள், கேளுங்கள்,
நம்பிக்கையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறாள்.
அந்த அட்டைச் சுவர்கள் இருந்திருந்தால்
வெட்கத்தில் விழுந்திருக்கும்.

"பார்த்தாயா, திறந்துவிட்டாள்" என்றான்.
ஒன்பது போட்டான்.
நான் நாலு.
கெட்டிலில் தண்ணீர் கொதித்து
தானே அணைந்தது.

டிவிடி அவன் வீட்டில்.
கேசட் என்னிடம்,
அதைப் போட்டுப் பார்க்கிற பெட்டி செத்து ரொம்ப நாளாயிற்று.
பரவாயில்லை, அவள் கை அங்கேதான் இருக்கிறது.

வாத்துப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம்.
இந்தத் தடவை கடல் உண்டாம்.
ஸ்ட்ரூவன் பார்க்காமலேயே
ஒரு மார்க் போட்டு வைத்திருக்கிறான்.