பதினேழாம் எண்

குலுக்கல் வரைக்கும் எந்த வீடும் யாருடையதும் இல்லை.
எங்கள் கூட்டுறவின் முதல் விதி அது.
இருபத்து நான்கு வீடு, இருபத்து நான்கு குடும்பம்,
ஒரு குடும்பத்துக்கு வாரம் இருபத்தொரு மணி நேரக் கைவேலை.
மணிக்கணக்கு எழுதும் புத்தகம்
என்னிடம்.

மோன்டெவிடியோவின் வடக்கு ஓரம்,
கடைசிப் பேருந்து திரும்பும் இடத்துக்கும் அப்பால்
ஒரு மேட்டு நிலம்.
முதல் வருஷம் முழுக்க நாங்கள் கட்டியது பேச்சு மட்டும்.
சமையலறைச் சன்னல் எந்தத் திசை?
அதற்கே நாலு கூட்டம்.
ஓட்டுக்கு ஓட்டு கையைத் தூக்கி
வாஷிங்டனுக்குத் தோள் சுளுக்கிக்கொண்டது.
ஊர் இல்லை, ஆள்.
எங்கள் பக்கம் இப்படித்தான் பெயர் வைப்பார்கள்.

நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்.
இரவெல்லாம் யாரோ படுத்த விரிப்பு,
சனி ஞாயிறில் யாரோ படுக்கப்போகும் அறை.
இரண்டுமே மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும்.

யமாண்டு தூக்குக்குண்டு பிடிப்பான்.
பகலில் தபால்காரன்; கட்டடத்தில்
மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிற பிசாசு.
"இது உன் வீடாகவும் இருக்கலாம்" என்பான்,
செங்கல்லைப் பிடுங்கி மறுபடி வைக்கச் சொல்லி.
"இல்லாமலும் போகலாம்" என்போம்.
"அதனால்தான்" என்பான்.

ஜூலைக் குளிர். தெற்கிலிருந்து
முகத்தை அறுக்கும் காற்று.
பதினேழாம் எண் குளியலறை, நீபியாவும் நானும்.
கடைசி இணைப்புக்கு வந்தபோது
பசை டப்பாவில் அடிப்பிசுக்குகூட இல்லை.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
நீபியா குழந்தையை அழைக்க ஓடினாள்.
குழாயைக் கையால் திருகிச் செருகினேன்.
நாளைக்கு ஒட்டலாம்.

நாளைக்கு எனக்கு இரட்டை ஷிப்ட்.
செவ்வாய்க்கிழமைக் குழு வந்தது, பூசியது,
நீல ஓடு பதித்தது.
நான் புத்தகத்தைத் திறந்து
17, குளியலறை, முடிந்தது
என்று எழுதினேன்.
அழகான கையெழுத்து எனக்கு.

மூன்று மாதம்.
இருபத்து நான்கில் ஒரு வாய்ப்பு எனக்கு;
மீதி இருபத்து மூன்றும் யாருக்கோ.
அந்தக் கணக்கு ஒருபோதும் எனக்குச் சாதகமாகவே வந்தது.
அதுதான் தூங்கவிடவில்லை.
சலவை இயந்திரம் நின்ற பிறகும்
எங்கோ சொட்டும்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன்.
கைமாறிக்கொண்டிருந்த மாத்தே குடுவை
யாரோ ஒருவர் மடியில் நின்றுபோனது.
மில்கா கூரையைப் பார்த்தாள்.
தரமாட்டார்கள் எனக்கு வீடு, என்று நினைத்தேன்.
யமாண்டு கேட்டான்:
"இடது இணைப்பா, வலதா?"
"இடது."
"எத்தனை ஓடு உடைக்கணும்?"
"பத்து, பதினொன்று."
குடுவை மறுபடி நகர்ந்தது.

உடைத்தோம். ஒட்டினோம்.
தண்ணீர் விட்டு இரண்டு நாள் காவல் இருந்தோம்.
அதே நீலம் கடையில் தீர்ந்துபோயிருந்தது;
கிடைத்தது ஒரு சாயல் கருத்த நீலம்.
வீணான ஒன்பது மணியை
என் பெயரில் கடனாக எழுதினேன்.
மறுவாரம் பார்த்தால்
ஒன்பதை அடித்து நாலரை என்று போட்டு,
கீழே தன் பெயருக்கு நேரே நாலரை
எழுதியிருந்தாள் நீபியா.
கோழிக்கிறுக்கல்.

குலுக்கல் நாளில் ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பிக்குள்
இருபத்து நான்கு சீட்டு.
எனக்கு நாலாம் எண்.
குப்பைத்தொட்டி பக்கத்தில், மாலை வெயில் முழுதும் உள்ளே.
சமையலறைச் சன்னல்
நான் தோற்ற திசையில்.
பதினேழு, வாஷிங்டனுக்கு.
அந்த வியாழக்கிழமை அவன் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு
வீட்டில் இருந்தவன்.
"சுவரில் ஏன் ஒரு வரிசை மட்டும் கருப்படித்திருக்கிறது?"
என்று என்னைத்தான் கேட்டான்.
சொன்னேன். சிரித்தான்.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
கதவைச் சாத்தாமல் என்னை உள்ளே விட்டான்.

கடன் தவணை இன்னும் இருபத்து மூன்று வருஷம்,
எல்லோருக்கும் சேர்த்து ஒரே ரசீது.
புத்தகம் இன்னும் என்னிடம்.
அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம்
கை கழுவ வேண்டும் என்பேன்.
குழாயைத் திறந்துவிட்டுக் குனிந்து
கருநீல ஓட்டின் அடியில் விரல் வைப்பேன்.

உலர்ந்திருக்கிறது.