எரியாத பல்புகள்

வால்பரைசோவில் காற்றுக்குக் கதவு தட்டத் தெரியாது.
தகரச் சுவரை உலுக்கிவிட்டு உள்ளே வரும்.
அப்பாவும் அப்படித்தான்,
ஏழு மாதமோ ஒன்பது மாதமோ கழித்து,
சொல்லாமல் வந்து நிற்பார்.
தோளில் பை, சட்டையில் டீசல்,
காலுறைக்குள் சுற்றி எடுத்துவந்த
பியூஸ் போன ஒரு பல்பு.

எவரிஸ்தோ ஒயார்சூன், சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன்.
மற்ற மாலுமிகளின் பிள்ளைகளுக்குச்
சாவி கொடுத்தால் ஓடும் ரயில் வந்தது.
எங்களுக்கு எரியாத விளக்கு.
நிக்கானோர் ஒருமுறை அழுதே விட்டான்.

கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்.
என் முதல் முடிவெட்டில் விழுந்த முடியைத்
தீக்குச்சியில் கட்டிச் செய்த தூரிகை.
கடல் அடங்கிய இரவில்தான் கை நிற்கும் என்பார்.
கடல் அடங்காத இரவுகளின் கோணல் கோபுரங்களும்
எங்களிடம் நிறைய இருந்தன.

ஆன்ட்வெர்ப், பூசான், டர்பன்.
ஒரு துறைமுகம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.
முட்டைத் தட்டுகளில் அடுக்கி வைத்திருந்தோம்.
நிலம் நடுங்கினால்
(எங்கள் ஊரில் அதற்கு நாள் கிழமை கிடையாது)
அம்மா எங்களைத் தூக்க ஓடி வருவாள்,
நாங்கள் முட்டைத் தட்டைத் தூக்க ஓடுவோம்.

எல்லாப் பல்பிலும், ஏதோ ஒரு மூலையில்,
கொசுவைவிடச் சின்னதாய் ஒரு சிவப்புக் கட்டம்.
கையெழுத்து, என்றான் நிக்கானோர்.
நானும் நம்பினேன்.

வீட்டில் இருக்கும் ஆறு வாரமும்
கடன்காரனைப்போல் ஓடியாடுவார்.
பள்ளிக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து
ஆசிரியை களைக்கும்வரை கேள்வி கேட்பார்.
பொத்தான் தைப்பார், பேன் பார்ப்பார்,
எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவே தரையில் படுப்பார்.
கதவுச் சட்டத்தில் எங்களை நிறுத்தி
உயரத்துக்குக் கோடு போடுவார்.
போன கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவே
விரலை வைத்து,
"நான் போய்வந்த தூரம் இவ்வளவு" என்பார்.

கூடத்துத் தொலைபேசிக்கு
வீட்டைவிட நீளமாய் வயர் எதற்கு என்று
நாங்கள் கேட்டதே இல்லை.

ஆகஸ்டில் போனார்.
மலையேறும் லிஃப்ட் அன்றைக்கும் பழுது.
பனிமூட்டத்தில் படிக்கட்டு வழியே
ஆறு பேர் சுமந்தார்கள்.
பாதியில், மூச்சு வாங்க இறக்கி வைத்தபோது,
ரேடியோ அறையில் அவரோடு இருந்த அன்செல்மோ
பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஊர் எதையும் பார்த்தவனில்லை, உங்கள் அப்பன்.
துறைமுக வாசல். அதைத் தாண்டினால் போன் பூத். அவ்வளவுதான்.
நாங்கள் பீர் குடித்துத் திரும்பும்போதும்
சில்லறையை எண்ணிக்கொண்டு அங்கேயே நிற்பான்.
நீங்கள் தூங்குகிற நேரமாகிவிட்டால்
உங்கள் அம்மா ரிசீவரைத் தலைமாட்டில் வைப்பாளாம்.
காசு தீரும்வரை கேட்டுக்கொண்டிருப்பான்.
ஒரு வார்த்தை பேசமாட்டான்.
நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று சிரிப்போம்."

அப்புறம் தூக்கினார்கள்.
இன்னும் தொண்ணூறு படி இருந்தது.

இரவு முட்டைத் தட்டுகளை இறக்கினோம்.
நிக்கானோரின் மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு
கட்டங்களைத் தேடினோம்.
கோபுரங்கள், பாரந்தூக்கிகள், பனி
எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் நின்று
ஒருவர் பார்த்தால் தெரிகிற அளவுக்கு மட்டும்.
மீதியை அவர் வெறும் நீலமாய் விட்டிருந்தார்.
உலகத்தில் எல்லா பூத்தும் சிவப்பாக இருந்திருக்காது.
அவர்தான் சிவப்படித்திருக்கிறார்,
நாங்கள் கண்டுபிடிக்கட்டும் என்றோ,
கண்டுபிடிக்கவே வேண்டாம் என்றோ.

அம்மா அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டாள்.
டர்பனைக் காதில் வைத்தேன்.
உள்ளே அறுந்த இழை
கண்ணாடியில் லேசாகச் சிணுங்கியது.

நான் எதுவும் பேசவில்லை.
தூங்குகிற பிள்ளையைப்போல்
மூச்சு மட்டும் விட்டேன்,
காசு தீரும்வரை.