மூன்று நொடி

சுவருக்கு அந்தப் பக்கம்
பெர்னடைன் சிரித்துவிட்டாள்.
ஆகவே இன்னும் மூன்று நொடியில்
எனக்கும் சிரிப்பு வரவேண்டும்.

அவளுக்குக் கூரைமேல் ஆண்டெனா.
எனக்குக் கேபிள்.
கொலையோ கல்யாணமோ கடைசி நிமிட கோலோ
எல்லாம் அவள் வீட்டில்தான் முதலில் நடக்கிறது.

காலில் மாவுக்கட்டு, ஏழாவது நாள்.
ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து இறங்கினேன்,
ஈரி நகரத்துப் பனி இழுத்துவிட்டது.
பெரிய கதையெல்லாம் இல்லை.
காலைத் தலையணைமேல் வைக்கச் சொன்னார் டாக்டர்.
தலையணைக்கு நேரெதிரே டிவி இருந்தது
என் குற்றமா?

திங்கள் இரவு ஆஸ்பத்திரித் தொடர்.
அந்த ஆஸ்பத்திரியில் யாருமே காத்திருப்பதில்லை.
நான் நாலு மணிநேரம் பத்து நிமிடம்
சிப்ஸ் விற்கும் இயந்திரத்தோடு காத்திருந்தவன்.
அங்கே ஒருத்தி காதலனை நினைத்து அழுதபடியே
இதயம் மாற்றுகிறாள்,
மூக்கைக்கூடத் துடைக்காமல்.
பில் யாருக்குப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நான் கேட்டேன், உரக்கவே.
சுவருக்கப்பால் 'அதானே' என்பதுபோல்
ஓர் இருமல்.

செவ்வாய், பாட்டுப் போட்டி.
நடுவர்களின் பற்கள் எங்கள் தெருவைவிட வெள்ளை.
ஓக்லஹோமாவில் டின் அடுக்கும் பையன் ஒருவன்
மேலே போய் மாட்டிக்கொண்டான்,
குரல் இரண்டாகக் கிழிந்தது.
எனக்கு அந்தக் கிழிசல்தான் பிடித்தது.
முடிவு, விளம்பரத்துக்குப் பிறகு.
விளம்பரத்தில் ஒரு ஜோடி படகு வலிக்கிறது;
தலைசுற்றல், குமட்டல், அரிதாக மரணம் என்று
தேன் குரலில் யாரோ வாசிக்கிறார்கள்.
படகு நன்றாக இருந்தது.

புதன் தூங்கிவிட்டேன்.
விழித்தபோது
யாரோ யாரையோ மன்னித்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழனுக்காகத்தான் வாரமே.
இந்தத் துப்பறிகிறவர்கள்
வீட்டுக்குள் நுழைந்தால் லைட்டைப் போடமாட்டார்களா?
சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்.
இல்லை, டார்ச்தான் வேண்டும்.
ஆறு வாரமாகச் சொல்லி வருகிறேன்,
பூக்கடைக்காரன்தான், அவன் கையுறையைப் பாருங்கள் என்று.
கதவு மெல்லத் திறக்கிறது.
பெர்னடைன் போலிஷ் மொழியில் யேசுவைக் கூப்பிட்டாள்.
கண்ணை மூடி எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு.
கொழுந்தன்!
பூக்கடைக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஏரியிலிருந்து பனி
வாளி வாளியாக வந்தது.
சிரிப்புத் தொடர் ஓடியது.
சுவர் சும்மா இருந்தது.
எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியவில்லை.
மாமியார் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்தாள்,
ஒரு கூட்டமே அங்கே சிரித்தது,
நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கவலைப்பட்டேன் என்று சொல்லமாட்டேன்.
ஒலியைக் குறைத்தேன், அவ்வளவுதான்.
ஊன்றுகோலால் ஒருமுறை தட்டினேன்,
அதுவும் தெரியாமல் பட்டதுபோல.

சனிக்கிழமைக்கென்று யாரும் புதிதாகச் சமைப்பதில்லை.
பழையதுதான்.
கொழுந்தன் மறுபடி நிரபராதி,
காப்பிக் கோப்பையோடு வளைய வருகிறான்.
கூரையில் தடதடவென்று சத்தம்.
எட்டிப் பார்த்தால் பெர்னடைன் ஸ்டாகுரா,
பள்ளிப் பேருந்து ஓட்டும் அறுபத்தொரு வயதுக்காரி,
பனியில் சாய்ந்த ஆண்டெனாவைத்
துடைப்பக் கட்டையால் நிமிர்த்திக்கொண்டிருக்கிறாள்.

இறங்கி வந்து கதவைத் தட்டினாள்.
"டெல்பர்ட், நேற்று மாமியார் என்ன ஆனாள்?"
சொன்னேன். மோசமாகத்தான் சொன்னேன்,
மேசையை முதலில் சொல்ல மறந்து
பாதியில் திரும்பப் போய்,
நானே சிரித்துவிட்டு நிறுத்தினேன்.
அவள் என் முகத்தையே பார்த்தாள்.
அப்புறம் சிரித்தாள்,
தொப்பியிலிருந்து பனி உதிர.

போகும்போது ஓர் ஏற்பாடு:
சுவரில் ஒரு தட்டு என்றால் சிரிப்பு வருகிறது,
இரண்டு என்றால் ரத்தம், கண்ணை மூடிக்கொள்.

ஞாயிறு, எட்டு ஐம்பத்தெட்டு.
வானிலைக்காரி வரைபடத்தின் முன்
வழக்கம்போல எங்கள் ஊரை
முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.
நகரம்மா, கொஞ்சம் நகர்.

சுவரில் தட்டல்.
ஒன்று. இரண்டு.
மூன்று.

மூன்றுக்கு நாங்கள்
ஒன்றும் பேசி வைக்கவில்லை.