கூட்டக் குறிப்பில் இல்லாதவை

பன்னிரண்டு வருடமாக நான்தான் சபையின் செயலாளர்.
இது மூன்றாவது கொப்பி.
"கூட்டம் ஜெபத்துடன் ஆரம்பமானது" என்று தொடங்குவேன்.
"ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று முடிப்பேன்.
ஏகமனது என்றால்
ஐந்து பேர் கையுயர்த்த
மற்ற நான்கு பேர் மின்விசிறியைப் பார்த்தார்கள்
என்று வாசிக்க வேண்டும்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் கடைசியில்
எங்கள் ஆலயம்.
மதிலுக்கு அப்பால் தண்டவாளம்.
பாணந்துறைக் கோச்சி வந்தால் பிரசங்கம் நிற்கும்.
பாதியில் விட்ட வசனத்தில் விரலை வைத்தபடி
ஐயர் காத்திருப்பார், நாங்களும்.
சண்டை நடக்கும் கூட்டங்களிலும் அப்படித்தான்:
எல்லோரும் ஒன்றாக வாய்மூடுவது
அந்த நாற்பது விநாடி மட்டும்.

முதலாம் கொப்பி, ஆவணி மாதம், தீர்மானம் ஆறு:
திருவிருந்துக்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், நாற்பத்தெட்டு.
புறக்கோட்டையில் வாங்கியது, பற்றுச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.
காரணம்: சுகாதாரம்.

டொக்டர் தேவசகாயம் கிருமிகளைப் பற்றிப்
பதினைந்து நிமிடம் பேசினார்.
எழுபது வருடம் ஒரே பாத்திரத்தில் குடித்த சபை
கிருமிகளை அந்த மாதம்தான் கண்டுபிடித்தது.
அதற்கு முந்திய மாதம்தான்
மஸ்கெலியாவிலிருந்து வந்த மூன்று குடும்பங்கள்
கடைசி வாங்கிலிருந்து எழுந்து
எங்களோடு முன்னுக்கு வந்து முழங்காலிட்டன.

இதை ஒருவரும் சொல்லவில்லை.
சொல்லாததை எழுதுவது செயலாளரின் வேலையில்லை.
சுகாதாரம் என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகானது, எல்லோரும் சொல்வார்கள்.

ஞானசௌந்தரிக்கு விளங்கிவிட்டது.
காலி வீதிப் புடவைக் கடையில் நாள் முழுக்க நிற்பவள்,
ஆட்களின் கண் எங்கே போகிறதென்று தெரிந்தவள்.
குடித்த கிண்ணத்தைத் தட்டில் வைக்கமாட்டாள்.
ஆராதனை முடிந்ததும் குழாயடியில் கழுவி,
சேலைத் தலைப்பால் துடைத்து,
என் கையில் தருவாள்.
"நான் கழுவுகிறேன், வையும்" என்றேன் ஒருநாள்.
சிரித்தாள். அடுத்த மாதமும் கழுவினாள்.

இந்த வருடம் ஒருமைப்பாட்டு ஞாயிறு கொண்டாடினோம்.
பதாகை ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா.
அதை யார் கட்டுவது என்பதில்
வாலிபர் சங்கமும் ஆண்கள் ஐக்கியமும்
இன்னும் பேசிக்கொள்வதில்லை.

ஐப்பசி மழை. இடப்பக்கக் கூரை ஒழுகியது.
அந்தப் பக்கத்து வாங்குகளின் ஆட்களெல்லாம்
குடையும் பாட்டுப் புத்தகமுமாக
வலப்பக்கம் நெருங்கி, இடம் கலைந்துபோனது.
அலுமாரியைத் திறக்கும் நேரம்.
ஐயர் என்னைப் பார்த்தார்.
"திறப்பை மறந்துபோய் வீட்டில் வைத்துவிட்டேன்" என்றேன்.

ஐயர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பீடத்தில் வெறும் அலங்காரமாக நின்ற
பழைய வெள்ளிப் பாத்திரத்தை எடுத்து
வேட்டித் துணியளவு வெள்ளைத் துவாலையால் துடைத்தார்,
திராட்சரசத்தை ஊற்றினார்.

கிராதியில் ஞானசௌந்தரி. அவளுக்கு அடுத்து,
மழை இருத்திய இடத்தில், டொக்டர் தேவசகாயம்.
அவள் குடித்தாள்.
ஐயர் விளிம்பைத் துடைத்து, கால்வாசி திருப்பி, நீட்டினார்.
அப்போது பார்த்துக் கோச்சி வந்தது.
யன்னல்கள் அதிர்ந்தன.
அது போய் முடிந்தபோது
பாத்திரம் அடுத்தவரிடம் போய்விட்டது.
டொக்டர் குடித்தாரா, உதட்டை மட்டும் வைத்தாரா,
எனக்குத் தெரியாது.
நான் கோச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குணநாயகம் தம்பதியர் எழுந்து வரவில்லை.
பம்பலப்பிட்டியில் வேறு சபைக்குப் போகிறார்களாம்,
கடிதம் கோப்பில் இருக்கிறது.
அடுத்த கூட்டத்தின் நான்காம் விடயம்: கிண்ணங்கள்.
மின்விசிறியை இந்தமுறை யார் பார்ப்பார்கள் என்று
எண்ணிப் பார்த்தேன், கணக்கு வரவில்லை.

"அலுமாரித் திறப்பு தவறுதலாக வீட்டில் விடப்பட்டது.
செயலாளர் வருத்தம் தெரிவித்தார்."
இது கொப்பியில் நான் எழுதிய இரண்டாவது பொய்.
திறப்பு கைப்பைக்குள், இருமல் மருந்துக்குக் கீழே
முழுநேரமும் கிடந்தது.

அன்று ஆராதனை முடிந்து
கழுவ ஒன்றும் இல்லாமல்
ஞானசௌந்தரி குழாயடியில் நின்றாள்.
தண்ணீரைத் திறந்தாள்.
பிறகு கையை மட்டும் கழுவிக்கொண்டு
பிளேன்ரீ குடிக்க வந்தாள்.