மூச்சுக்குழாய்

முதல் தடவை லெட்சுமாங்குடிப் பாலத்தில் நின்றது.
வைரக்கண்ணு போனில் சொன்னான்:
"இருமலே இல்லண்ணே,
அப்படியே தூங்கிப்போச்சு."

ஸ்பானர் பையோடு போனேன்.
மேலே நானூறு மூட்டை குறுவை நெல்.
தார்ப்பாய்க் குழியில் தேங்கிய புரட்டாசி மழை
பின்கதவு வழியாக நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.
அவன் டேங்க் மூடியைத் திறந்து
மூங்கில் குச்சி விட்டு அளந்தான்,
எவனோ டீசலை உருவிவிட்டான் என்று சந்தேகம்.
குச்சி முக்கால்வரை நனைந்து வந்தது.
நான் ஃபில்டர் தலையின் நட்டைத் தளர்த்தி
கைப்பம்பை அடித்தேன்.
நுரை,
நுரை,
அப்புறம் கண்ணாடி மாதிரி டீசல்.
சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது.

ஏர் லாக் என்றேன்.
அந்த வார்த்தையில் ஒரு சௌகரியம்,
மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

அடுத்தது ஒரு மதகுக்குப் பக்கத்தில்.
மறுபடி குச்சி, மறுபடி கைப்பம்பு, மறுபடி உயிர்.
ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன்,
செம்பு வாஷர் நாலு.
மூன்றாவது பாமணியாற்றுக் கரையில்.
ஃபீடு பம்பு செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன்.
புதுசு இரண்டாயிரத்து எண்ணூறு.
மடித்த நோட்டுகளை
சட்டைக்குள் கை விட்டு எடுத்தான், ஈரமாக இருந்தன.
பழசைக் கழிவுத் துணியில் சுற்றி
என் வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

நாலாவது, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்.
சரக்கு ரயில் போய்
கேட் தூக்கி
எதிர்ப்பக்கத்து பஸ் டவுன் கூட வந்துவிட்டது.
இவன் மட்டும் அசையவில்லை.
பின்னால் ஊரே ஹாரன்.
கேட்கீப்பர் பச்சைக் கொடியாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது
நாலு பேர் நாலு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை,
டேங்க் ஓரமாகக் குந்தி பீடியைத் தேடினேன்.
வைரக்கண்ணு பழக்கதோஷத்தில் மூடியைத் திருகினான்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

கொதிக்கிற டீயை
உதட்டு நுனியால் உறிஞ்சுகிற சத்தம்.
அத்தனை ஹாரனுக்கு நடுவில்
அது மட்டும் கேட்டது எனக்கு.

டேங்க் காற்றைக் குடிக்கிறது.
அப்படியென்றால் இதுவரை
மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது.
மூன்று தடவையும் வண்டியை எழுப்பியது என் பம்பு இல்லை,
அவன் சந்தேகம்.

டார்ச்சைப் பின்பக்கம் அடித்தேன்.
சுண்டுவிரல் தடிமன் மூச்சுக்குழாய்.
அதன் வாயில் வண்டல் மண்,
பூசியவள் கைரேகை தெரியாத அளவுக்கு வழவழவென்று.
குளவி.

கம்பியால் குத்தி எடுத்தேன்.
உள்ளங்கையில் உதிர்ந்த மண்ணில்
பச்சைப் புழு ஐந்தாறு,
கொட்டு வாங்கியவை.
சாகவும் இல்லை, நகரவும் இல்லை.
குஞ்சு பொரித்து வரும்வரை
கெடாமல் காத்திருக்க வேண்டியவை.

"லோடு ஏத்தி எத்தனை நாள் நின்னே?"
"பதினொன்னு.
ஈரப்பதம் கூடுதல்னு மூணு நாள்,
சாக்கு எண்ணிக்கை இடிக்குதுன்னு ரெண்டு நாள்,
மிச்சம் ஏன்னு எனக்கே தெரியாதுண்ணே."

அந்தப் பதினோரு நாளில்
கொள்முதல் நிலைய வாசலில்
வேலை பார்த்தது அது ஒன்றுதான் போல.

வண்டி தண்டவாளத்தை ஏறிக் கடந்தது.
கூலி எவ்வளவு என்று ஜன்னல் வழியே கேட்டான்.
வேண்டாம் என்று கையசைத்தேன்.
பெரிய மனசு என்று நினைத்திருப்பான்.

திரும்பி வரும் வழியெல்லாம்
பள்ளத்துக்குப் பள்ளம்
பெட்டியில் தட்டிக்கொண்டே வந்தது பழைய பம்பு.

காலையில் அதை வைஸில் கட்டி
டீசல் ஊற்றி நெம்பைத் தட்டிப் பார்த்தேன்.
முகத்தில் பீச்சியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் போட்டேன்.
"இறக்கியாச்சா?"
"எங்கண்ணே. வேகன் வரலை.
வரிசையில நிக்கிறேன்,
எனக்கு முன்னாடி முப்பத்திநாலு வண்டி."

"அந்தக் குழாய் வாயில
கொசுவலைத் துண்டு ஒன்னு கட்டி வை" என்றேன்.
"சரிண்ணே."
"இறுக்கிக் கட்டாதே."
"சரிண்ணே. வேற?"

வேற
ஒன்றுமில்லை என்றேன்.