படியளந்த கல்

வாலிநோக்கம் உப்பளத்தில்
எட்டாம் பாத்தி மட்டும் செவசெவ என்று கிடக்கிறது.
சித்திரை வெயில் இன்னும் ஏறவில்லை.
மூன்று குப்பிகளில் அந்தச் சிவப்பை மொண்டு
மூடியில் தேதி எழுதுகிறேன்.
விரல் வியர்வையில் மை இழுகுகிறது.

வாருபலகையை ஊன்றி நின்று
நம்புத்தாய் கேட்கிறாள்:
"சாயமா அது?"

உயிர், என்கிறேன்.
உப்பு முற்றினால்தான் தழைக்கும்.
நல்ல தண்ணீரில் விட்டால் வெடித்துச் சாகும்.
"எங்க வீட்டு ஆளும் அப்படித்தான்,
நல்லது சொன்னா வெடிக்கும்."

சிரித்த வாயோடு என் பைக்குள் எட்டிப்பார்க்கிறாள்.
கண்ணாடித் தகட்டில் ஒட்டிய கல் சீவல்,
முடியைவிட மெல்லிசு.
நான் போயிராத பனிநாட்டுப் பள்ளம் ஒன்றிலிருந்து
தபாலில் வந்தது.
வாங்கி, சூரியனுக்கு நேரே பிடிக்கிறாள்.
"பொடிப்பொடியா ஓட்டை."

ஓட்டைதான் கதை.
ஊசி நுழையாத கருங்கல் சாதி அது,
வானத்திலிருந்து ஒன்று விழுகிற அந்த நொடிவரை.
விழுந்தது.
பாறை கஞ்சியாய்க் கொதித்து வழிந்தது.
வழியாத பாறை உள்ளுக்குள்ளேயே நொறுங்கி
நொறுங்கிய வாக்கில் நின்றுவிட்டது.
பிறகு தண்ணீர் இறங்கியது விரிசலில்,
சூடேறி மேலே வந்தது, மறுபடி இறங்கியது
பல்லாயிரம் வருசம்.
கொதிநீரை விரும்புகிறவை முதலில் வந்தன.
ஆறியபின் வேறு கூட்டம்.
இன்றும் அந்தக் கல்லை உடைத்தால்
தோலுக்குக் கீழே நகக்கண் ஆழத்தில்
ஒரு பச்சைக் கோடு.
குளிர் கடிக்காது, வெயில் சுடாது,
வெளிச்சம் மட்டும் வடிந்து வரும்.

"அதுக்கு முன்ன அங்கன இருந்ததெல்லாம்?"

வெந்துபோயின.

"ஒண்ணுகூட மிஞ்சலையா?"

விழுந்த இடத்தில் மிஞ்சவில்லை.

தகட்டைத் திருப்பித் தருகிறாள்.
உப்புக் குவியலில் ஒரு உள்ளான் வந்து நின்று போகிறது.

கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கிறவன் என்று
எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.
தேரை போகக் கல்லில் வழி எங்கே என்று
கேட்டுக்கொண்டதில்லை.

"அப்பக் கல்லெறிஞ்சதும் அவன்தானாக்கும்?"

சுற்றுப்பாதை, தற்செயல், நிகழ்தகவு:
என்னிடம் சொற்கள் இருந்தன.
மேற்கே காற்றாடி ஒன்று சுற்றாமல் நின்றது.
நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரப்பில் உட்கார்ந்து
கொண்டை ஊசியால் குதிகாலை நோண்டுகிறாள்.
பதினாறு வருசப் பாத்தி மிதிப்பில்
வாய்பிளந்த வெடிப்புகள்,
ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாய்ப் பரல்.
"இங்கயும் ஒரு ஊரு குடியிருக்கும்ல?"

இருக்கும்.

"எடுத்துக்க, பிறகு."
காலை நீட்டுகிறாள், வளையலுக்கு அளவு கொடுப்பதுபோல.

பஞ்சுக்குச்சியால் ஒற்றினேன்.
சுள்ளென்றிருக்க வேண்டும், முகம் மாறவில்லை.
நாலாவது மூடியில் தேதி எழுதினேன்.
எடுத்த இடம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்று பேனா நின்றபோது
அவள் எழுந்து
எட்டாம் பாத்திக்குள் இறங்கியிருந்தாள்.